வர்மம், ஆசான் மரியாதை, களத்தில் மயங்கி விழுந்த மாணவன்: விவரம் அறிந்தவர்களிடம் சில ஐயங்கள்

விளவங்கோட்டு வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆசானிடம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் சிலம்பமும் பயின்று வருகிறான். ஆசான்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவருடைய தகப்பனாரும் எங்கள் வட்டாரத்தில் ஒடிவு முறிவுக்குக் கட்டுப் போட்டு நல்ல பெயர் எடுத்தவர். ஆகவே நான் கேட்கப் போவதைக் குறை கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம்.

சென்ற மாதம் கம்பு பழகும்போது ஒரு மாணவனின் வீச்சு தவறி, மற்றொரு பையனின் கன்னப்பொறியில், காதுக்குச் சற்று மேலே பட்டுவிட்டது. பையன் நின்ற இடத்திலேயே சரிந்தான். ஆசான் ஓடி வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்து, பிடரியைத் தடவி, உச்சந்தலையில் தட்டி, சுக்கை மென்று காதில் ஊதினார். ஒரு நிமிடத்துக்குள் பையன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். வர்மம் கொண்டுவிட்டது, அதாவது உடம்பின் உயிர்நிலை ஒன்றில் அடி பட்டுவிட்டது என்றும், தடவியும் தட்டியும் அதை இளக்கியாயிற்று, அதாவது அந்தக் கேட்டை நீக்கியாயிற்று என்றும், இனி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டால் இளக்கியது கெட்டுவிடும் என்றும் ஆசான் சொன்னார். பெற்றோரும் அப்படியே வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். பையன் இன்றுவரை நலமாக இருக்கிறான்.

என் ஐயங்கள் இவைதாம். அந்த அடி உண்மையில் வர்ம அடியா, ஆசான் செய்தது அவனைக் காப்பாற்றியதா? ஓர் இடத்தில் தொட்டால் இத்தனை நாழிகையில் உயிர் போகும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? இதையெல்லாம் ஆசானிடமே கேட்கலாம் என்றால், கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று மகன் தடுக்கிறான். அந்த மரியாதையின் எல்லை எது?

அடிமுறை பயின்றவர் எழுதியது:

ஐயா, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் அதுதான் வாசல் என்பது என் எண்ணம்.

களத்துக்குள் வலக்காலை எடுத்து வைப்பது, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, வெற்றிலை பாக்கின்மேல் நாணயம் வைத்துத் தட்சணை கொடுப்பது, தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டாமல் சுற்றிப் போவது ஆகிய எல்லாவற்றுக்கும் பயிற்சியோடு தொடர்பு உண்டு. கம்பைத் தாண்டக் கூடாது என்று சிறுவயதிலேயே பழகிய பிள்ளைக்கு, களத்தில் எந்த ஆயுதம் எங்கே கிடக்கிறது என்பது பாராமலே தெரியும். வணக்கம் முடியும்வரை எவரும் கம்பை ஓங்கக் கூடாது என்று இருப்பதால், மோதல் தொடங்கும் கணமும் முடியும் கணமும் இருவருக்கும் ஐயமின்றித் தெரிகின்றன. இந்த ஒழுங்கு தளர்ந்த களங்களில்தான் தவறிய வீச்சுகள் அதிகம் நேர்கின்றன என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

வர்மத்தை மறைத்து வைப்பதும் இந்த ஒழுங்கின் ஒரு பகுதிதான். சுவடும் (காலடி வரிசை) பூட்டுப்பிரிவும் (பிடி போடுவதும் விடுவிப்பதும்) எல்லாருக்கும் சொல்லித் தரப்படும். வர்மம் அப்படி அல்ல. முன்கோபக்காரனுக்கும் குடிகாரனுக்கும் அதைச் சொல்லாதே என்று பழைய பாடல்களே விலக்கி வைக்கின்றன. மாணவனைப் பன்னிரண்டு ஆண்டுகள் உடன் வைத்துப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்பது வழிவழியாக வரும் பேச்சு. எல்லா ஆசான்களும் அப்படிக் காத்திருந்தார்கள் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள அச்சம் நியாயமானது. இன்னொரு விதியும் உண்டு, என் ஆசான் அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்: இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித் தராதே. வர்மத்தை இளக்கத் தூண்டும் அடங்கல் இடங்களும் தடவுமுறையும் கை வந்த பிறகே, உயிருக்கே ஆபத்தான படுவர்ம இடங்களின் பெயர்களை அவர் வாய்விட்டுச் சொன்னார்.

ஆகவே மகன் கேள்வி கேட்கத் தயங்குவதை நான் குற்றமாகக் கொள்ள மாட்டேன். ஆயினும் தகப்பன் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பிள்ளையைக் களத்தில் ஒப்படைக்கும்போது ஆசான் தகப்பனின் கையிலிருந்துதானே வாங்கிக்கொள்கிறார்!

அவசர சிகிச்சை மருத்துவர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் விடை எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும். பொறுத்துப் படியுங்கள், ஏனென்றால் இந்தச் செய்தியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இழந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கன்னப்பொறியில் மண்டையோடு மிகவும் மெல்லியது. நான்கு எலும்புகள் அங்கே ஒன்றோடொன்று சேர்கின்றன. அந்த இடத்துக்கு நேர் உட்புறத்தில் மூளையுறைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஒன்று எலும்பை ஒட்டியே ஓடுகிறது. அடியில் எலும்பு விரிசல் விட்டால் இந்தத் தமனி கிழியலாம். கிழிந்த தமனியிலிருந்து கசியும் இரத்தம் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையில் தேங்கி, மெல்ல மெல்ல மூளையை அழுத்தத் தொடங்கும். இதில் மிகக் கொடியது என்னவென்றால், அடிபட்டவுடன் சிறிது நேரம் மயங்கியவர் தாமாகவே விழித்து, பேசி, நடந்து, சாப்பிட்டு, முற்றிலும் நலமாக இருப்பது போலத் தோன்றுவதும், சில மணி நேரம் கழித்துத் தலைவலி கூடி, வாந்தி எடுத்து, உறக்கத்தில் ஆழ்ந்து, நினைவு தப்பி இறந்துபோவதும் நேரக்கூடும் என்பதுதான். நேரத்தோடு சி.டி. ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்து அறுவை செய்தால் இவர்களுள் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பையனுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவன் கண் விழித்ததை வைத்து ஆபத்து நீங்கியது என்று முடிவு செய்தது சரியல்ல. தலையில் அடிபட்டுச் சில வினாடிகள் நினைவிழந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவரும் எதுவும் செய்யாமலே ஒரு நிமிடத்துக்குள் விழித்துக்கொள்வார்கள். ஆகவே அந்த ஒரு நிமிடத்தில் பிடரியைத் தடவினாலும், சுக்கு ஊதினாலும், முகத்தில் தண்ணீர் தெளித்தாலும், செய்த காரியத்துக்கே பெயர் போய்ச் சேரும். இன்னொன்று: தலையில் பலமான அடி வாங்கியவரின் கழுத்தெலும்பும் சேதமடைந்திருக்கக்கூடும். அவரைச் சட்டென்று நிமிர்த்தி உட்கார வைப்பதும் கழுத்தைத் திருப்புவதும் முதுகுத்தண்டுக்கு ஊறு செய்யலாம். கிடந்த நிலையிலேயே தலையை அசையாமல் தாங்கிப் பிடித்து 108-ஐ அழைப்பதுதான் முறை.

ஊசி போட்டால் இளக்கியது கெடும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஏடு படிப்பவர் எழுதியது:

இரண்டாவது கேள்வி நான் பல காலமாக ஈடுபட்டிருக்கும் துறையைச் சேர்ந்தது என்பதால் சில விவரங்களைத் தருகிறேன்.

தென் திருவிதாங்கூர்ப் பகுதியில், அதாவது 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்த பகுதியில், ஆசான்களின் வீடுகளில் வர்ம ஏடுகள் மிகுதியாக இருந்தன. பெரும்பாலானவை அகத்தியர் பெயரில் வழங்குபவை. வர்மங்கள் 108 என்பதும், அவற்றுள் படுவர்மம் 12, அவ்வளவு கொடியதல்லாத தொடுவர்மம் 96 என்பதும் பரவலான கணக்கு. ஆனால் வேறு எண்ணிக்கை சொல்லும் ஏடுகளும் உண்டு. ஒரே இடத்துக்கு வெவ்வேறு ஏடுகளில் வெவ்வேறு பெயர்கள் இருப்பதும், ஒரே பெயர் வெவ்வேறு இடங்களைக் குறிப்பதும் உண்டு. புருவ நடுவில் திலர்தம், விலாவில் அடப்பம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கவளி, மணிக்கட்டில் மணிபந்தம் என்பன போன்ற சிலவற்றில் ஆசான்களுக்குள் பெரும்பாலும் ஒற்றுமை இருக்கிறது. மற்றவற்றில் ஏடு ஒன்று சொல்ல, கை வேறொன்று காட்டும். இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் மறைபொருளாகப் பாடியிருப்பதால், ஆசானின் விரல் தொட்டுக் காட்டினால் ஒழிய ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் வர்மம் கற்க முடியாது.

அடியின் விசை அளவைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை என்று பிரிக்கிறார்கள். முழு மாத்திரை பட்டால்தான் உயிருக்குக் கேடு. குறைந்தால் மயக்கமோ, மரப்போ, நீண்ட நாள் நோவோ உண்டாகும் என்பது பொதுக் கருத்து. இந்தப் பிரிவை எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இடம் மட்டும் போதும், தொட்டாலே ஆள் விழுந்துவிடுவான் என்று இன்று மேடைகளில் பேசப்படுவதற்கும், இடமும் விசையும் சேர வேண்டும் என்று ஏடுகள் சொல்வதற்கும் வெகு தூரம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, வடமொழியில் பண்டைய மருத்துவ ஆசிரியரான சுசுருதர் 107 மர்மங்களை, அதாவது உயிர்நிலைகளை, சொல்கிறார். தசையில் 11, நாளங்களில் 41, நரம்பு நாண்களில் 27, எலும்பில் 8, மூட்டுகளில் 20. அடிபட்டால் வரும் விளைவை வைத்து அவரே வேறொரு பகுப்பும் செய்கிறார்: விரைவில் உயிர் போக்குபவை 19, நாள் சென்று உயிர் போக்குபவை 33, தைத்த பொருளைப் பிடுங்கினால் உயிர் போக்குபவை 3, ஊனம் விளைப்பவை 44, வலி மட்டும் தருபவை 8. விரைவில் என்பது அங்கே ஏழு நாளுக்குள் என்றும், நாள் சென்று என்பது அரை மாதம் முதல் ஒரு மாதத்துக்குள் என்றும் விளக்கப்படுகிறது. போரில் காயம்பட்டவர்களை அருகில் இருந்து பார்த்தவர்களின் அறிவு இது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பிடுங்காதே என்று சொல்லப்பட்ட மூன்றில் ஒன்று புருவ நடு. தமிழ் மரபில் திலர்தம் நிற்கும் அதே இடம்.

அவசர சிகிச்சை மருத்துவர் எழுதியது:

தைத்த பொருளைப் பிடுங்காதே என்பதைத்தான் இன்றும் முதலுதவியில் சொல்லித் தருகிறோம். பொருள் அடைத்துக்கொண்டிருக்கும் நாளம், அதை எடுத்தவுடன் பீறிடும்.

நாள் சென்று இறப்பது என்பதையும் நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். இடப்பக்கக் கீழ்விலாவில் பலமான அடி பட்டு மண்ணீரலில் உறைக்குள்ளேயே இரத்தம் தேங்கி, சில நாட்கள் கழித்து, சிலருக்கு வாரங்கள்கூடக் கழித்து, அது வெடித்து ஆள் சரிவது உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் அடிபட்டுத் தமனியின் உட்சுவர் கிழிந்து, பிறகு அங்கே இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வருவது உண்டு. ஸ்கேன் இல்லாத காலத்தில் இத்தகைய இறப்புகளைக் கண்ட ஒருவர், இந்த இடத்தில் பட்டால் இத்தனை நாளில் போவான் என்று எழுதி வைத்திருந்தால் அது கூர்ந்த பார்வையே ஆகும். நாள் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுபோல நடக்காது என்பதுதான் வேறுபாடு.

மார்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெஞ்செலும்புக்கு இடப்புறம், இதயத்துக்கு நேராக, அவ்வளவு பலமில்லாத அடி பட்டுக்கூட வளரும் பிள்ளைகளின் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுவது அரிதாக நிகழ்கிறது. எலும்பு முறிந்திருக்காது, தோலில் தழும்பும் இருக்காது. இதயத்துடிப்பின் சுழற்சியில் மிகக் குறுகிய ஒரு பொழுது இருக்கிறது, ஒரு வினாடியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அடி அந்தப் பொழுதில் விழுந்தால்தான் இது நேரும். ஆகவே எவரும் இதைப் பயின்று வேண்டும்போது செய்ய முடியாது, தற்செயலாக நேர்வது. நேர்ந்துவிட்டால் தடவுவதாலோ ஊதுவதாலோ இதயம் மீளாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மின்னதிர்வுக் கருவி வந்து சேரும்வரை கை எடுக்கக் கூடாது.

கம்பு வாத்தியார், மதுரைப் பக்கம் எழுதியது:

எங்கள் பக்கத்தில் ஆசான் என்று சொல்வதில்லை, வாத்தியார்தான். சலாம் வரிசையில் தொடங்கி அலங்கார வீச்சு, காலடி, குத்துவரிசை என்று போகும் பயிற்சியில் வர்மத்துக்குப் பெரிய இடம் இல்லை. அதனால் வெளியே நின்று பார்ப்பவனாக ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

மேடைகளில் வர்மம் காட்டுபவர்களை நான் உற்றுக் கவனித்து வருகிறேன். விரல் பட்டதும் விழுபவன் எப்போதும் அவருடைய சொந்த மாணவனாகவே இருக்கிறான். அவன் பொய்யாக நடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. காலையில் ஆசானின் காலைத் தொட்டு வணங்கியவன், ஊரார் கூடியிருக்கும் மேடையில் அவர் தொட்டும் அசையாமல் நின்று அவரைத் தலைகுனிய வைக்க மாட்டான். அந்த எண்ணம் அவன் அறிவுக்கு எட்டாமலே அவன் முழங்காலை மடக்கிவிடுகிறது. நல்ல மாணவன் என்றால் விழத்தான் செய்வான். நோக்கு வர்மம் என்று தொடாமலே விழவைப்பதாகச் சொல்வது எல்லாம் இந்த வகைதான். முன்பின் அறியாத ஒருவன்மீது, விழ வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லாதவன்மீது, அது நடந்து நான் பார்த்ததில்லை. கட்டுப்பாடான சோதனையில் அது மெய்ப்பிக்கப்பட்டதும் இல்லை.

கம்பு விளையாட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. நுனியில் சாயமோ சாம்பலோ தடவிவிட்டுப் போட்டியில் இறங்கினால், யார் யாரை எங்கே தொட்டார் என்பது உடம்பிலேயே தெரிந்துவிடும். வாத்தியாருக்கு மேல் சாயம் பட்டாலும் சாயம்தான். அதற்காக அவர்மீது உள்ள மரியாதை குறைந்துவிடுவதில்லை.

அடிமுறை பயின்றவர் எழுதியது:

வாத்தியார் ஐயா, தாங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

மேடை வித்தைகளை எங்கள் ஆசானும் வெறுத்தார். ஆனால் பூட்டுப் போட்டு மணிக்கட்டை மடக்கி, கவளியில் பெருவிரலை ஊன்றி அழுத்தினால் எந்த முரட்டு ஆளும் பிடியை விடுவான். அவன் என் மாணவனாக இருக்க வேண்டிய தேவை இல்லை. முழங்கையின் உட்பக்க முழியில் பட்டால் சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்தாற்போல ஆகிறது, கையில் உள்ளது நழுவுகிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே உதைத்தால் பாதம் தொங்கிவிடுகிறது. இவை நரம்பு எலும்பின்மேல் தோலை ஒட்டி ஓடும் இடங்கள் என்று மருத்துவர் விளக்கக்கூடும், விளக்கட்டும். அந்த இடங்களை ஆராய்ச்சிக்கூடம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே தேடிக் கண்டுபிடித்து, பாட்டில் கட்டி வைத்தவர்களின் உழைப்பை, மேடையில் ஆள் விழுத்துகிறவர்களோடு சேர்த்து ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். சாயம் தடவிய கம்பினால் தெரிவது தொட்ட இடம் மட்டுமே. தொட்டது எவ்வளவு ஆழம் போனது என்பதைக் கற்க உடம்போடு உடம்பு பழக வேண்டும், அதற்கு ஆசானின் கை வேண்டும்.

மூடி வைப்பதன் தீங்கையும் நான் அறியாமல் இல்லை. நல்ல ஆசான் ஒருவர் தகுந்த மாணவன் கிடைக்கவில்லை என்று காத்திருந்தே காலமாகிவிட்டால், அவர் கையில் இருந்தது அவரோடு போய்விடுகிறது. அரைகுறையாகக் கேட்டவர்கள் எஞ்சுகிறார்கள், அவர்களே கடை விரிக்கிறார்கள். உண்மையில் தெரிந்தவருக்கும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவருக்கும் வேறுபாடு காண வெளியாளுக்கு ஒரு வழியும் இல்லாமல் போகிறது.

சித்த மருத்துவப் பட்டதாரி எழுதியது:

நான் வர்மத்தைக் கல்லூரியில் பாடமாகவும், பிறகு ஓர் ஆசானிடம் கைப்பயிற்சியாகவும் கற்றவள். வர்மம் இன்று சித்த மருத்துவப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் வர்ம சிகிச்சை அளிக்கப்படுகிறது. அங்கெல்லாம் நாங்கள் பார்ப்பது கழுத்துவலி, இடுப்புவலி, தோள் இறுக்கம், பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் விறைப்பு ஆகியவற்றைத்தான். சிலருக்கு நல்ல பயன் கிடைக்கிறது. களத்தில் மயங்கி விழுந்தவரை வர்மத்தால் மட்டும் எழுப்பிவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. தலைக்காயம், நெஞ்சடி, வயிற்றடி மூன்றுக்கும் முதலில் மருத்துவமனை. வலியும் இறுக்கமும் எஞ்சினால் அதன் பிறகே தடவல்.

நான் கைப்பயிற்சி பெற்ற ஆசான் நிரம்ப வயதானவர், ஏடுகளை மனப்பாடமாகச் சொல்லுவார். விலாவில் அடிபட்டு ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ஆசான் தம் உள்ளங்கையை அவர் வயிற்றின்மேல் வைத்தார், அழுத்தவில்லை, வெறுமனே வைத்திருந்தார். பிறகு நாடியைப் பிடித்துப் பார்த்தார். கீழிமையை இழுத்து அதன் வெளுப்பைப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியைத் தொடவே இல்லை. இதற்கு என் கை உதவாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி, வண்டி கிளம்பும்வரை வாசலில் நின்றார். அடிமுறை பயின்ற நண்பர் மேலே எழுதிய விதி, இளக்கத் தெரியாதவன் அடிக்கக் கற்கக் கூடாது என்பது, எனக்கும் உயிரான விதி. எது தம் கைக்கு இளகாது என்று அறிவதும் அந்த விதிக்குள் அடங்கியதாகவே அந்த ஆசான் நடந்துகொண்டார்.

மூலப் பதிவில் உள்ள ஆசானும் கேடு நினைத்தவர் அல்லர். தம் தகப்பனார் செய்ததைச் செய்திருக்கிறார். ஆனால் தகப்பனார் காலத்தில் மாவட்டத்தில் ஸ்கேன் இல்லை.

ஒரு தாய் எழுதியது:

இதுவரை எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் மகளும் அடிமுறை பயில்கிறாள். எண்ணெய் தேய்த்துத் தடவுவதும், வர்ம இடங்களைத் தொட்டுக் காட்டுவதும் பயிற்சியின் பகுதி என்கிறார்கள். மறைவாகக் கற்பிப்பது, கேள்வி கேட்காமல் பணிவது, உடம்பைத் தொடுவது ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் பெண் பிள்ளையை நான் தனியே விட மாட்டேன். பெண்களுக்குப் பெண்களே தடவ வேண்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று இரண்டையும் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் தட்சணை வைத்தேன். ஆசான் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் வேறு களம் தேடியிருப்பேன்.

அடிமுறை பயின்றவர் எழுதியது:

அம்மா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் கதவு திறந்துதான் இருக்க வேண்டும்.

ஜூடோ பயிற்றுநர் எழுதியது:

எங்கள் கலையிலிருந்து ஒரு செய்தி உங்களுக்குப் பயன்படலாம் என்று தோன்றியது. 1882-இல் கானோ ஜிகோரோ ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் இருந்த அபாயமான முறைகளைத் தனியே ஒதுக்கி, முழு வேகத்தில் எதிர்த்துப் பழகக்கூடியவற்றை மட்டும் போட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். கழுத்து நெரிப்பு அதில் தங்கிவிட்டது. கழுத்தின் இரு பக்கத் தமனிகளையும் சரியாக அழுத்தினால் ஏறத்தாழ 10 வினாடிகளில் நினைவு போய்விடும். விட்டவுடன் சில வினாடிகளில் திரும்பிவிடும். மயங்கியவரை எழுப்பும் முறைகள் எங்கள் மரபிலும் உண்டு. பழைய பயிற்றுநர்கள் அவற்றை மறைபொருளாகவே வைத்திருந்தார்கள். இன்று நாங்கள் செய்வதெல்லாம் பிடியை விட்டு, ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவதுதான். பழைய முறைகளால் எழுப்பப்பட்டவர்கள் விழித்த அதே நேரத்தில்தான் இவர்களும் விழிக்கிறார்கள்.

இந்த முறையில் மறைவு ஏதும் இல்லை, ஆகவே அதற்கு எல்லை வகுக்கவும் முடிந்தது. எதிராளி கையால் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். பல நாடுகளில் சிறுவர் பிரிவில் நெரிப்புக்கு அனுமதியே இல்லை. மூடி வைத்த ஒன்றுக்கு இப்படி விதி எழுத முடியாது என்பது என் கருத்து.

விளவங்கோட்டு வாசகர் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ஆசானைச் சந்தித்தேன். மகனை உடன் அழைத்துச் செல்லவில்லை. மருத்துவர் எழுதியிருந்த கன்னப்பொறித் தமனியைப் பற்றிச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த இடத்தில் பட்டுத் தெளிந்து எழுந்தவன் இரவில் இறந்த செய்தி ஒன்றைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாகவும், இளக்கியது முறையாக அமையவில்லை என்றே தாங்கள் எண்ணியிருந்ததாகவும் சொன்னார். தலையில் பட்டால் இனி மருத்துவமனைக்கு அனுப்பச் சம்மதித்தார். தலைக்கவசம் போட்டுக் கம்பு பழகுவதற்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. கவசம் போட்டவன் தலையைக் காக்க மறந்துவிடுவான் என்கிறார். இதற்கு என்ன விடை சொல்வது? அடிபட்ட பையன் எப்போது மீண்டும் களத்தில் இறங்கலாம் என்றும் அவர் கேட்டார்.

கம்பு வாத்தியார், மதுரைப் பக்கம் எழுதியது:

கவசத்தைப் பற்றி: அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆகவே மறுத்துப் பேசாமல் பயிற்சியைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். தனி வீச்சும் காலடியும் கவசம் இல்லாமல் நடக்கட்டும். இருவர் எதிரெதிரே நின்றால் கவசம் கட்டாயம் என்று வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சிலம்பப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு எப்படியும் கவசத்தோடு ஆடிப் பழக வேண்டும். தமிழகத்தில் 2024 சனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து, எங்கள் களத்தில் பெற்றோரே கவசத்தைக் கேட்டு வாங்கி வருகிறார்கள்.

அவசர சிகிச்சை மருத்துவர் எழுதியது:

அந்தப் பையனுக்கு இப்போது தலைவலி, தலைச்சுற்றல், பாடத்தில் கவனக்குறைவு, காரணமில்லாத எரிச்சல், உறக்கக் கேடு ஆகியவற்றுள் எதுவும் இல்லை என்பதை முதலில் பெற்றோரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதுவும் இல்லையென்றால்கூட ஒருமுறை காட்டிவிட்டுப் படிப்படியாகத் தொடங்கலாம்: முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு தனிச் சுவடு, பிறகு எதிராளி இல்லாத கம்பு வீச்சு, அதற்கும் பிறகே எதிரெதிர்ப் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் குறைந்தது 24 மணி நேரம் தொந்தரவு இல்லாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்; தலைவலி திரும்பினால் அன்றே நிறுத்த வேண்டும்.

இனிமேல் எவருக்காவது தலையில் பட்டால், அன்று அவர் மறுபடியும் களத்தில் இறங்கக் கூடாது. நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஆசான் தம் கையெழுத்திலேயே எழுதிக் களத்துச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் அதை மதித்துப் படிப்பார்கள்.

சித்த மருத்துவப் பட்டதாரி எழுதியது:

நான் நாகர்கோவிலில்தான் இருக்கிறேன். ஆசானுக்குச் சம்மதம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வந்து, நெஞ்சழுத்தமும் கழுத்தை அசைக்காமல் ஆளைத் தூக்கும் முறையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். எந்த ஞாயிறு என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.